எதைத் தின்பது, எதை விடுவது: தூண்டில்காரர்களுக்கு ஒரு மடல்

தாம்பரம், வேளச்சேரி, மேடவாக்கம் பக்கமிருந்து ஞாயிறு விடியுமுன் கிளம்பி, கொளவாய் ஏரிக்கும் மதுராந்தகத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் ராடும் ரீலுமாக வந்து சேரும் நண்பர்களே,

மாசி பிறந்ததும் எங்கள் ஏரிக்கரைகளில் உங்கள் பைக்குகள் வரிசையாக நிற்கத் தொடங்கும். நானும் தூண்டில் போடுகிறவன்தான். ஏரித் தண்ணீரை நம்பி நவரை நெல் வைக்கிற குடும்பம். உங்களோடு எனக்குச் சண்டை ஒன்றுமில்லை. பிடித்த மீனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்து, முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுகிறீர்களே, அந்த வழக்கத்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். விடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. விட வேண்டிய இடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள், கொண்டுபோக வேண்டிய இடத்தில் விடுகிறீர்கள். அதுதான் என் புகார்.

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் யூடியூபில் பார்க்கும் அமெரிக்கக் குளங்களிலிருந்து. குளிர்காலம் முழுக்க ஆழத்தில் சோம்பிக் கிடந்த பாஸ் மீன், பனி உருகியதும் வெயில் பட்டுச் சூடேறும் கரையோரத்துக்கு வரும். ஆண் மீன் அடிமண்ணை வாலால் விலக்கிக் குழி பறிக்கும், பெண் அதில் முட்டையிடும், ஆண் காவல் நிற்கும். வசந்தம் தொடங்கும் அந்தச் சில வாரங்கள்தான் அங்கே தூண்டில்காரர்களுக்குத் திருவிழா. தூண்டில் போட்டிகள் நடத்திவந்த ரே ஸ்காட் என்பவர், பிடித்ததைக் கொல்லாதீர்கள் என்று 1972இல் ஓர் இயக்கத்தையே தொடங்கினார். முட்டையிட வந்த மீனை உயிரோடு திருப்பி விட்டால் குளம் பிழைக்கும். அந்தக் குளிர்ந்த நீருக்கு அது நல்ல ஏற்பாடு.

எங்கள் மாசி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கலங்கல் வழிந்த ஏரி, தை பிறந்ததும் மதகு வழியே வயலுக்கு இறங்கத் தொடங்குகிறது. நவரைப் பயிர் கதிர் பால் பிடிக்கும்போது பாதித் தண்ணீர் போயிருக்கும். பங்குனியில் மிச்சத்தை வெயில் குடிக்கும். மழைக்காலத்தில் ஏரி முழுக்கப் பரவி மேய்ந்த மீன் இப்போது மதகடியிலும் மண் எடுத்த பள்ளங்களிலும் வந்து ஒண்டுகிறது. நீங்கள் வீசிய இடத்திலெல்லாம் கடிப்பது இதனால்தான். உங்கள் லூர் அவ்வளவு உசத்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தண்ணீரில் மீனைப் பத்து நிமிடம் இழுத்து விளையாடிவிட்டுத் திருப்பி விடுவதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரி நீரில் அது ஏழரைதான். பாசி மண்டிய முழங்கால் ஆழ ஏரியில் விடியற்காலை அவ்வளவும் இருக்காது. பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவெல்லாம் அதையே மூச்சாக இழுத்துக்கொள்கிறது. களைத்துப்போன கட்லா உங்கள் கையிலிருந்து நழுவி ஓடுவதைப் பார்த்துத் திருப்தியோடு வண்டி ஏறுகிறீர்கள். மதியம் அது வயிறு மேலாக மிதப்பதை மாடு மேய்க்கிறவர்கள்தான் பார்க்கிறார்கள்.

சரி, பிழைத்துக்கொண்டால் இனமாவது பெருகுமே என்றால், அதுவும் நடக்காது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை போன்ற வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில் முட்டையிடும். தேங்கிய ஏரியில் இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை இன மீனை முட்டையிட வைத்துக் காட்டினார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஏரிக்கு ஏரி குஞ்சு வாங்கி விடுவது பெருகியது அதற்குப் பிறகுதான். உங்கள் முள்ளில் ஏறிய கட்லா, ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சு. ஏரி வற்றுவதற்குள் அதை அவர் வலை போட்டு எடுத்தே ஆக வேண்டும். நீங்கள் கருணை காட்டினாலும் அதன் ஆயுள் சித்திரை வரைதான். விலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வையுங்கள்.

விலை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். தண்ணீரில் நீந்துகிற மீன் யாருக்குச் சொந்தம் என்று கலங்கல் மேல் நின்று என்னிடம் வாதாடியவர் உண்டு. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுகிறார்கள். எடுத்தவர் பணம் கட்டி, குஞ்சு விட்டு, ராக்காவலுக்கு ஆளும் போட்டிருப்பார். கரையில் கீற்றுக் கொட்டகை தெரிந்தால் முதலில் அங்கே போய் ஒரு வார்த்தை கேளுங்கள். விரால், குறவை, கெளுத்தியைப் பிடித்துக்கொள் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கட்லாவில் கை வைத்தால்தான் வம்பு. குத்தகைக்காரர்கள் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்லமாட்டேன். மீன் சீக்கிரம் கைக்கு வரட்டும் என்று ராத்திரியில் மதகைத் திறந்துவிடுகிற ஆட்களோடு ஆயக்கட்டுக்காரர்களுக்குத் தகராறு ஓய்ந்ததில்லை. அது எங்கள் பஞ்சாயத்து. நீங்கள் கேட்காமல் பிடிப்பதற்கு அது சாக்காகாது.

விராலுக்கு வருவோம். உங்கள் பாஸுக்கு உறவு இல்லாவிட்டாலும் குணத்தில் எங்கள் ஏரியில் அதற்கு ஈடு இதுதான். தழைக்கு அடியில் பதுங்கிக் கிடந்து பாயும், தவளை என்றால் உயிரை விடும், குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். கட்லாவுக்கு இல்லாத ஒரு வசதியும் இதற்கு உண்டு. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைக்கும் அறை இருக்கிறது. நீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும். சந்தையில் அன்னக்கூடைக்குள் நாலு விரல் தண்ணீரில் உயிரோடு நெளிவது அதனால்தான். ஏரி காய்ந்தால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும். புதுத்தண்ணீர் வந்ததும் முதலில் துள்ளி எழுவதும், வாய்க்காலில் எதிரேறி அடுத்த ஏரிக்குப் போவதும் விரால்தான். ஆகவே வெயில்கால ஏரியில் திருப்பி விட்டால் பிழைக்கும் என்று நம்பக்கூடிய மீன் இது. அடுத்த ஆண்டுக்கு விதையும் இதுதான், இதற்கு யாரும் குஞ்சு வாங்கி விடுவதில்லை. கிலோவைத் தாண்டிய விராலை விட்டுவிடுங்கள், அரைக் கிலோ விராலை எடுத்துக்கொள்ளுங்கள். ருசியும் அரைக் கிலோவில்தான். பெரிய விரால் சதை நார்நாராக இருக்கும். இதில் என் மாமியாருக்கு மாற்றுக் கருத்து உண்டு.

ஒன்றை மட்டும் எந்த மாதத்திலும் செய்யாதீர்கள். தழை விலகிய இடத்தில் மிளகாய்ப்பொடி தூவியதுபோலச் செம்மையாக ஏதோ மினுங்கும், ஒரே சமயத்தில் மேலே வந்து ஒரே சமயத்தில் கீழே போகும். அது விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் பெற்றது நிற்கிறது. அதன் மேல் ரப்பர் தவளையைப் போட்டால் நிச்சயம் கடிக்கும். குஞ்சுக்கு வந்த பகை என்று நினைத்துக் கடிக்கிறது, அவ்வளவுதான். இப்படிப் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, முதல் நாள் தூண்டில் தொட்ட பையனும் பிடிப்பான். காவல் போனதும் அந்தக் குஞ்சுகளை ஜிலேபிக் கெண்டையும் குறவையும் தின்று தீர்த்துவிடும்.

ஏரித் தூண்டிலைப் பொழுதுபோக்காக மதித்து எழுதியவர்கள் உங்களுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசத்தில் மீன்பிடி விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறான். எந்த மீனுக்கு எந்த இரை என்பதெல்லாம் அதில் வருகிறது. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டு, அது போதாதென்று 1887இல் ஏரிகளுக்காகவே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று இன்னொன்றும் எழுதினார். மகாசீர் மீனைத் தேடி மலையாறுகளுக்குப் போய்க்கொண்டிருந்த துரைமார் காலத்தில் ஏரிக்கு ஒரு தனிப் புத்தகம்! ஏரி ஜில்லாக்காரனாக எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

அடுத்தது கவலைக்குரிய விஷயம். பாஸ் குஞ்சு எங்கேயாவது கிடைக்குமா, கல்குவாரிக் குட்டையில் விட்டுப் பார்க்கலாமா என்று உங்களில் சிலர் பேசிக்கொள்கிறீர்கள். வேண்டாம். எங்கள் ஏரிகளில் அல்லி இலைகளுக்கு நடுவே கூடு கட்டி மிதக்கவிடும் முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். அதன் இனத்தில் பெரிய பறவை ஒன்று குவாதமாலாவின் அதித்லான் ஏரியில் மட்டுமே இருந்தது. தூண்டில் போடும் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள் என்று 1950களின் கடைசியில் அந்த ஏரியில் பாஸ் விட்டார்கள். பாஸ் அங்கிருந்த சிறு மீனையும் நண்டையும் தின்றது, முக்குளிப்பான் குஞ்சையும் தின்றது. நாணல் அழிந்தது, 1976 நிலநடுக்கத்துக்குப் பின் நீர் இறங்கியது என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. 1990 வாக்கில் அந்தப் பறவை இல்லை என்று முடிவு கட்டினார்கள். ஜப்பானில் இன்னொரு கதை. 1960இல் பட்டத்து இளவரசராக அமெரிக்கா போன அகிஹிதோவுக்குச் சிகாகோ மேயர் புளூகில் என்ற அந்நாட்டுக் குளத்து மீனைப் பரிசளித்தார். இளவரசர் அதை மீன்வள ஆய்வுக்குக் கொடுத்தார். அது வெளியேறி ஏரிகளில் பெருகி உள்ளூர் மீனைத் தின்றது. 2007இல், பேரரசராக, பிவா ஏரிக்கரையில் நடந்த விழாவில் தம் வருத்தத்தைச் சொன்னார்.

நம் வீட்டிலும் இது நடந்ததுதான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி இன்று இல்லாத ஏரி இல்லை. வளர்க்கவே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி குட்டை குட்டையாகக் கிடக்கிறது. 2018 வெள்ளத்தில் கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசானின் அராபைமா வலையில் ஏறியது. இந்த மீன்கள் உங்கள் தூண்டிலில் வந்தால் தயவுசெய்து திருப்பி விடாதீர்கள். ஜிலேபியை வறுங்கள், முள் குறைவு, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். நம் ஏரி மீனை நம்பிப் பறவைகளும் இருக்கின்றன. வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள் 2022இல் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியதாகப் பெருமை பேசுகிறோம். வேடந்தாங்கல் ஏரி மொத்தமே 30 ஹெக்டேர். அங்கே கூட்டில் வாய் பிளந்து கிடக்கும் கூழைக்கடாக் குஞ்சுக்கும் நாரைக் குஞ்சுக்கும் இரை சுற்றுவட்டார ஏரிகளிலிருந்துதான் போகிறது. நீங்கள் அறுத்துப் போட்டுவிட்டு வரும் நூல் சுற்றிக்கொள்வதும் அந்தப் பறவைகளின் காலில்தான்.

இனி கழிமுகம். இங்கே என் பேச்சு தலைகீழாகிறது. ஏரியில் ஜிலேபியைக்கூட மனமிரங்கி விடுகிற அதே ஆட்கள், முட்டுக்காட்டிலும் கோவளம் முகத்துவாரத்திலும், பாலாறு கடல் சேரும் வாயலூர்ப் பக்கத்திலும் ஏழு கிலோ கொடுவா கிடைத்தால் ஐஸ்பெட்டியில் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். ஏரி மீனுக்குக் காட்டிய தயவில் பாதி இதற்குக் காட்டக்கூடாதா?

கொடுவா கடலோரத்தில் பிறந்து, குஞ்சாக முகத்துவாரம் வழியே உள்ளே ஏறி, கழியிலும் நன்னீரிலும் இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்து, இனம் பெருக்க மறுபடி உப்பு நீருக்கு இறங்கும் மீன். முதலில் ஆணாகத்தான் முதிரும். இரண்டு மூன்று கிலோவில் பிடிபடுவது பெரும்பாலும் ஆண். நான்கைந்து கிலோவைத் தாண்டும்போது பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடும். ஆக, நீங்கள் தராசில் தொங்கவிட்டுப் படமெடுத்த ஏழு கிலோ அநேகமாக ஒரு தாய். அவள் வயிற்றில் பல லட்சம் முட்டை தங்கும். சின்னதையெல்லாம் விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எடுப்பது பெரிய மனசு என்று நினைக்கிறீர்கள். கொடுவா விஷயத்தில் அப்படி எடுத்தால் பெண் மட்டும் குறையும்.

முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. நீங்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறீர்கள். கொடுவாவைத் தொட்டியில் வளர்த்து, ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிடச் செய்து இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சு எடுத்தது அந்த நிறுவனம், 1997இல். அந்த வேலை லேசானதல்ல. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுக்கு நுண்ணுயிர் இரையை வளர்த்துப் போட வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற தம்பியை முழுசாக விழுங்கிவிடும். அதனால் சில நாளுக்கு ஒருமுறை பெரியது சிறியதைப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தாய் மீனைக் காப்பாற்றுகிறார்கள். சுவருக்கு இந்தப்பக்கம் கழியில் இன்னொரு தாய் உங்கள் ஐஸ்பெட்டிக்குள் போகிறது.

ஆஸ்திரேலியாவில் இதே கொடுவாவைப் பாராமுண்டி என்று கொண்டாடுகிறார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் எடுக்கக்கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது. மேல்வரம்பு எதற்கு என்றால் தாயைக் காக்கத்தான். 120 என்பது எனக்குத் தாராளமாகவே படுகிறது. என்னைக் கேட்டால், ஒன்றிலிருந்து மூன்று கிலோவுக்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு, நாலு கிலோவைத் தாண்டியதை விட்டுவிடலாம். கழிமுகத்து நீர் அலையேற்றத்தில் ஓடுகிற நீர், அங்கே விட்ட மீன் பிழைக்க வழி உண்டு. கொடுவாவின் செவுள் மூடி பிளேடு போல அறுக்கும், அதில் விரலை விடாதீர்கள். தாடையைப் பிடித்து ஏழு கிலோவைத் தொங்கவிட்டால் முதுகெலும்பு தாங்காது. ஈரக் கையால் வயிற்றைத் தாங்கி, நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் உட்பக்கத்துச் சிறு பல்லை வீட்டிலேயே குறடால் அமுக்கிக்கொண்டு வந்தால் நொடியில் கழன்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சந்தையில் மீன் குறைந்து கொடுவா விலை ஏறும். அந்த நாட்களில் கழியில் வலையும் தூண்டிலும் கூடுகின்றன. பிழைப்புக்காகப் பிடிக்கிறவர்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள், உங்களிடம் சொல்லலாம்.

குளத்தில் பாஸ் பிடிக்கும் ஆசை விடாது என்கிறவர்களுக்கும் கொடுவாதான் வழி. பண்ணையில் எடுத்த குஞ்சை நன்னீருக்குப் பழக்கிச் சொந்தக் குளத்தில் வளர்க்கலாம். நன்னீரில் அது முட்டையிடாது, அதனால் ஜிலேபி மாதிரி பெருகித் தொல்லை கொடுக்காது. தீனிக்கு ஜிலேபிக் குஞ்சையே போடலாம். ஆனால் ஏரியிலோ ஊர்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள், மிச்சம் மீதி இருக்கிற கெண்டையையும் உளுவையையும் துடைத்துவிடும். வேலியும் கரையும் உள்ள உங்கள் சொந்தக் குளம் மட்டும்.

கழியில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சிக்கிக்கொண்ட மும்முள் லூரை அறுத்துவிட்டு வேறொன்றை மாட்டுகிறீர்களே, அது பிறகு ஏறுவது அவர்கள் கையில்தான். சிக்கினால் இறங்கிப் போய் எடுங்கள். இறங்க முடியாத இடமென்றால் அங்கே மும்முள் வேண்டாம், ஒற்றை முள் போதும். எந்தக் கழியில் எந்த அலையேற்றத்துக்கு எந்த மீன் நிற்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. வழிகாட்டக் கூட்டிப் போனால் ஒரு நாள் கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள். டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது.

வருகிற ஞாயிறு ஏரிப் பக்கம் வருவதென்றால் ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் விரால் வாய் திறக்காது. காட்டாமணக்குப் புதருக்கு அந்தப்பக்கம் சவுடு எடுத்த பள்ளங்கள் இருக்கின்றன. முழங்கால் தண்ணீர் மாதிரி தெரியும், அடுத்த அடியில் ஆளை முழுக்கும். கரை மேலேயே நின்று வீசுங்கள். மதகுக்கல் மேல் நின்று வீசுகிறவர்கள், தண்ணீர் கட்ட ஆள் வந்தால் கொஞ்சம் நகர்ந்து வழி விடுங்கள். அநேகமாக அது நானாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செங்கல்பட்டு ஏரிப் பாசனத்து ஆயக்கட்டுக்காரன்